வாசகர் கேள்வி - பதில்: ஊற்றுகள் வளர்க்கும் ஓஹ்ரித் ஏரி

சென்ற இதழில் வடமாசிடோனியாவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையே கிடக்கும் ஓஹ்ரித் ஏரியைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதியிருந்தோம். ஆறுகளைவிட ஊற்றுகளால் அதிகம் வாழும் ஏரி அது என்றும், உலகில் வேறெங்கும் காணாத உயிரினங்கள் அதில் இருக்கின்றன என்றும் குறிப்பிட்டிருந்தோம். ஒரு பக்கம் போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஏரிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: ஊற்று நீரால் ஒரு கிணறு நிறையலாம், ஒரு குளம்கூட நிறையலாம். 358 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி எப்படி நிறையும்? அவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: காவிரிக் கரையில் வாழ்ந்து, ஏரி என்றால் ஆறோ வாய்க்காலோ கொண்டுவந்து நிரப்புவது என்று பார்த்துப் பழகிய ஒருவருக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. விடை அந்த ஏரியின் கிழக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கும் கலிச்சிட்சா மலையில் இருக்கிறது. அது சுண்ணாம்புக்கல் மலை. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளைப் பிளவுகளாகவும் பிளவுகளைக் குகைகளாகவும் ஆக்கிவிடுகிறது. அதனால் மலைமேல் பெய்யும் மழையிலும் உருகும் பனியிலும் பெரும்பகுதி ஓடையாக ஓடாமல் உள்ளே இறங்கி, மலையடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடுகிறது. இத்தகைய நிலத்தைப் புவியியலாளர் கார்ஸ்ட் என்பர்.

ஆனால் மழையும் பனியும் பாதிக் கதைதான். மலையின் மறுபுறத்தில் பிரெஸ்பா என்னும் இன்னோர் ஏரி இருக்கிறது. ஓஹ்ரித் ஏரி கடல்மட்டத்திலிருந்து 693 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரெஸ்பாவோ அதைவிட ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. பிரெஸ்பாவிலிருந்து வெளியேறும் ஆறு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் கரையில் சாவேர் என்னுமிடத்தில் நீர் பாறையின் வாய்க்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அந்நீர் மலையின் அடிவழியே சென்று ஓஹ்ரித்தில் வெளிப்படுகிறது என்று செர்பியப் புவியியலாளர் யோவன் ஸ்வியிச் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். அது உண்மைதான் என்பது பிற்காலத்தில் இரண்டு வழிகளில் உறுதியாயிற்று. பிரெஸ்பாவின் பக்கம் நீரில் கலந்துவிட்ட அடையாளப் பொருள் ஓஹ்ரித் பக்கத்து ஊற்றுகளில் வந்து சேர்ந்தது ஒரு வழி. இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏரி நீர் வெயிலில் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட நீர் முதலில் மேலெழும். எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட நீர் பின்தங்கும். ஆகவே திறந்த ஏரியாக வெயிலில் கிடந்த நீருக்கும், பெய்தவுடன் மண்ணுக்குள் இறங்கிவிட்ட மழைநீருக்கும் அணுவளவில் வேறுபாடு உண்டு. அதை அளந்து பார்த்தபோது, ஏரியின் தென்கரையில் புனித நவும் மடாலயத்தருகே பொங்கும் ஊற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பிரெஸ்பா ஏரியின் நீர் என்று தெரிந்தது. மீதி மலையில் பெய்த மழையும் பனியும்.

ஏரிக்கு வந்து சேரும் நீரில் ஏறக்குறைய பாதி ஊற்றுகள் வழியே வருகிறது. கரையில் தெரியும் ஊற்றுகளோடு, ஏரியின் அடித்தரையிலேயே திறக்கும் ஊற்றுக்கண்களும் பல உண்டு. மீதிப் பாதியை ஆறுகளும் நேரே பெய்யும் மழையும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த நீர் வடகரையில் ஸ்ட்ரூகா நகரின் நடுவே கருப்பு ட்ரிம் ஆறாக வெளியேறுகிறது. உள்ளே வந்த நீர் முழுதும் மாறுவதற்குச் சராசரியாக 70 ஆண்டுகள் ஆகும். ஒரு மனித ஆயுள் என்றே சொல்லலாம். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடைசிக்கு முந்தைய பதிலில் அது மீண்டும் தேவைப்படும்.

கே: ஓர் ஏரியில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட தனி இனங்கள் எப்படித் தோன்றின? (விலங்கியல் மாணவி, திருநெல்வேலி)

ப: ஓஹ்ரித்தில் இதுவரை விவரிக்கப்பட்ட சுமார் 1,200 இனங்களில் 212 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லை என்பது 2008-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கு. ஓரிடத்தில் மட்டுமே வாழும் இத்தகையவற்றை ஓரிட வாழ்விகள் என்கிறோம். பைக்கால், டாங்கன்யிக்கா போன்ற மாபெரும் ஏரிகளில் இவற்றின் எண்ணிக்கை இதைவிட மிக அதிகம்தான். ஆனால் பரப்பளவுக்கு ஈடாக வைத்துப் பார்த்தால் ஓஹ்ரித்துக்கு நிகராக ஓர் ஏரியைச் சொல்வது கடினம்.

முதற்காரணம் வயது. உலகின் ஏரிகளில் பெரும்பாலானவை பனியாறுகள் பின்வாங்கிய பிறகு உருவானவை. பத்தாயிரம், இருபதாயிரம் ஆண்டு வயதுடையவை. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அவற்றை மெல்லத் தூர்த்துவிடும். ஓஹ்ரித்தோ நிலத்தட்டுகள் விலகிப் பள்ளம் விழுந்ததால் தோன்றியது; அந்தப் பள்ளம் இன்னும் ஆழ்ந்துகொண்டிருக்கிறது. 2013-இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று ஏரியின் அடித்தரையைத் துளைத்து, 560 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள வண்டல் தூணை எடுத்தது. அதைப் படித்தறிந்தவர்கள், ஏரியின் வயது 13.6 லட்சம் ஆண்டு என்று 2020-இல் அறிவித்தார்கள். இடையில் அது ஒருமுறைகூட வற்றவில்லை. பனியுகங்கள் பல வந்து போயின, கரையோரக் காடுகள் அழிந்து மீண்டும் தளிர்த்தன, ஏரி இருந்தது.

அதே ஆய்வில், டயட்டம் எனப்படும் நுண்பாசிகளில் இந்த ஏரிக்கே உரிய 152 இனங்களின் வரலாற்றை வண்டலின் அடுக்குகளில் தொடர்ந்து சென்று பார்த்தார்கள். ஏரி தோன்றிய புதிதில், அது ஆழமில்லாமல் இருந்த காலத்தில், புதிய இனங்கள் வேகமாகத் தோன்றின. வேகமாக அழியவும் செய்தன. ஏரி ஆழ்ந்து பெரிதானபின் இரண்டு வேகமும் தணிந்துவிட்டன. இன்று நாம் காணும் செல்வம், அவ்வாறு நிலைகொண்ட நீண்ட அமைதியில் சேர்ந்தது. தாங்களும் தங்கள் வகுப்புத் தோழிகளும் பரிணாமத்தை வெறும் போட்டியாகப் படித்திருந்தால் இந்த எடுத்துக்காட்டை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். இனங்கள் நிலைப்பதற்கு இடமும் நிலைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் ஊற்றுகள். ஆற்றை நம்பிய ஏரி வறட்சியில் சுருங்கும், வெள்ளத்தில் கலங்கும். மலை வடிகட்டி அனுப்பும் நீர் ஆண்டு முழுதும் சுமார் 10, 11 பாகை செல்சியஸ் வெப்பத்தில், தெளிவாக, சத்துகள் மிகக் குறைவாக வந்துகொண்டிருக்கும். நத்தைகளைப் பாருங்கள். ஏரியின் நத்தை இனங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஓரிட வாழ்விகள். அவற்றிலும் சில, கிழக்குக் கரையின் வேலி டாப் போன்ற இடங்களில் நீருக்கடியில் திறக்கும் ஊற்றுக்கண்களை ஒட்டி மட்டுமே வாழ்கின்றன. ஏரிக்குள் ஏரியாக ஓரிரு பாறைகளையே உலகமாகக் கொண்ட உயிர்கள் அவை.

கே: நீருக்கடியில் புல்வெளிகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவை என்ன செடிகள்? எவ்வளவு ஆழத்தில் வளர்கின்றன? (வாசகி, திண்டுக்கல்)

ப: கரையிலிருந்து நடுவை நோக்கி இறங்கிச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதிர்ப்படுவது நாணல். ஆள் உயரத்தைத் தாண்டி நெருக்கமாக நிற்கும் இந்த நாணற்காடு தொடர்ச்சியாக இல்லை. கரையில் வீடுகளும் உணவகங்களும் பெருகிய இடங்களிலெல்லாம் அறுபட்டுக் கிடக்கிறது. பறவைகள் கூடு கட்டுவதும், மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும், நிலத்திலிருந்து வழியும் அழுக்கு நீர் வடிகட்டப்படுவதும் இங்கேதான்.

அதைத் தாண்டினால் பொட்டமோகீட்டன் என்னும் நீர்க்கொடிகள். இவற்றின் வேர் தரையில் இருக்கும். தண்டு நீருக்குள்ளேயே நீண்டு உயரும். பூங்கதிர் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய இலைகள் இவற்றுக்கு.

அதற்கும் கீழே தொடங்குவதுதான் நாங்கள் குறிப்பிட்ட புல்வெளி. அது புல் அன்று. காரா என்னும் பாசி. நம் கல்லூரிகளில் தாவரவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வைத்துப் படம் வரையச் சொல்வார்களே, அதுதான். நம்மூர்க் குளங்களிலும் அதன் உறவினங்கள் உண்டு. ஒரு தண்டை எடுத்துப் பார்த்தால், கணுவுக்குக் கணு குடைக்கம்பிகள்போல் சுற்றிலும் சிறு கிளைகள் விரிந்திருக்கும். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் பச்சிலைபோல் நசுங்காமல் நறநறவென்று மணல்போல் உதிரும்; பூண்டை நினைவூட்டும் ஒரு நெடி எழும். அந்த நறநறப்பு சுண்ணாம்பு. சுண்ணாம்பு கலந்த நீரிலிருந்து கரியமில வாயுவை இந்தப் பாசி உணவாக எடுத்துக்கொள்ளும்போது, மிஞ்சும் சுண்ணாம்பு அதன் மேனியிலேயே மேலோடாகப் படிகிறது. மலையைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், தான் கொண்டுவந்த கல்லில் ஒரு பகுதியை இந்தப் பாசியின்மேல் இறக்கி வைக்கிறது என்று சொல்லலாம்.

இந்தக் காரா வெளிகள் ஏரியைச் சுற்றிலும் ஒரு வளையமாக, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழம்வரை இறங்குகின்றன. அத்தனை ஆழத்தில் ஒரு பச்சை உயிர் வாழ வேண்டுமானால் அங்கே வெயில் எட்ட வேண்டும். ஓஹ்ரித்தின் தெளிவு அப்படிப்பட்டது. வெள்ளை வட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைத் தெளிவின் அளவாகக் கொள்வது வழக்கம். இந்த ஏரியில் அது 20 மீட்டரையும் தாண்டிப் பதிவாகியிருக்கிறது. நீரில் சத்து மிகுந்து நுண்பாசி பெருகினால் வெயில் கீழே இறங்காது. முதலில் அழிவது காராதான். ஆகவே காரா வெளியின் கீழ்விளிம்பு எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே ஏரியின் உடல்நலத்தைக் காட்டும் அளவுகோல்.

இன்னும் கீழே, 20 மீட்டருக்கும் 35 மீட்டருக்கும் இடையே, செடிகள் முடிந்து கிளிஞ்சல்கள் தொடங்குகின்றன. டிரைசெனா என்னும் சிறு மட்டியின் வெற்று ஓடுகள் காலங்காலமாகச் சேர்ந்து படுகையாகக் கிடக்கும் பகுதி அது.

கே: சென்ற இதழின் படத்தில் கண்ட உருண்டை பஞ்சு தாவரமா, விலங்கா? (எட்டாம் வகுப்பு மாணவன், புதுச்சேரி)

ப: விலங்குதான் தம்பி. கடலில் காணும் பஞ்சுயிரிகளின் நன்னீர் உறவு அது. அதற்கு வாயோ வயிறோ கண்ணோ கிடையாது. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்டு, நீரை வெளியே விட்டுவிடும். ஓஹ்ரித்துக்கே உரிய இந்த இனம் 1937-இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அதன் அறிவியல் பெயர் ஓக்ரிடாஸ்பாஞ்சியா ரொட்டண்டா. ரொட்டண்டா என்றால் லத்தீனில் உருண்டை. நம் ஆற்றுப் பஞ்சுயிரிகள் கல்லிலும் கட்டையிலும் மெல்லிய படலமாகப் படர்பவை. இதுவோ வெயில் மங்கிப்போன ஆழத்தில், கிளிஞ்சல்களையும் கற்களையும் பற்றிக்கொண்டு சிறு பந்துபோல் திரள்கிறது.

கே: ஊட்டியில் டிரவுட் மீன் சாப்பிட்டிருக்கிறேன். ஓஹ்ரித் டிரவுட்டும் அதுவும் ஒன்றா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: அல்ல. நீலகிரியில் அவலாஞ்சி மீன்பண்ணையில் வளர்ப்பது வானவில் டிரவுட். வட அமெரிக்காவைச் சேர்ந்த மீன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டது. ஓஹ்ரித் டிரவுட் அந்த ஏரிக்கே உரிய தனி இனம். அல்பேனியக் கரையில் அதைக் கொரான் என்கிறார்கள். வெள்ளி மேனியில் கரும்புள்ளிகளும் செம்புள்ளிகளும் தெளித்த அழகான மீன். ஒரே ஏரிக்குள் ஒரு கூட்டம் குளிர்காலத்தில், இன்னொரு கூட்டம் வேனிலில் என்று வெவ்வேறு பருவத்திலும் வெவ்வேறு இடத்திலும் முட்டையிடும் இயல்பு கொண்டது. பெல்விட்சா என்னும் இன்னொரு சிறிய டிரவுட் இனமும் அங்கு உண்டு. ஆழ்ந்த நடுநீரில் வாழும் அதுவும் ஓஹ்ரித்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

உங்கள் கேள்வியில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு தொடர்பு இருக்கிறது. நீங்கள் ஊட்டியில் சாப்பிட்ட அதே வானவில் டிரவுட் ஓஹ்ரித்திலும் இப்போது காணப்படுகிறது, அயல் மீனாக. அதைப் போலவே கிழக்காசியாவிலிருந்து வளர்ப்புக் கெண்டைகளோடு கலந்து ஐரோப்பாவுக்கு வந்த ஒரு சிறுமீனும் உள்ளே புகுந்துவிட்டது. பதின்மூன்று லட்சம் ஆண்டுகளாக ஒருவரையொருவர் மட்டுமே அறிந்து வாழ்ந்த மீன்களுக்கிடையே இவற்றை விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். டிரவுட் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் 2004-இல் மாசிடோனியப் பக்கத்தில் அதைப் பிடிப்பதையே தடைசெய்ய வேண்டிவந்தது. இரு நாடும் சேர்ந்து ஒரே விதியைக் கடைப்பிடித்தாலன்றி இத்தகைய தடையால் முழுப்பயன் இல்லை. மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது.

கே: கடலில்லாத நாட்டு ஏரியில் விலாங்கு எப்படி வந்தது? (மீன்வளத்துறையில் பணியாற்றியவர், நாகர்கோவில்)

ப: ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதியில் பிறப்பது. நூலளவு குஞ்சுகளாகக் கடல்நீரோட்டத்தில் மிதந்து ஐரோப்பியக் கரையை அடைந்து, ஆறுகளில் ஏறி, நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மீண்டும் அதே கடலுக்குத் திரும்பும். நம் ஆறுகளின் விலாங்கும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஓஹ்ரித்தின் விலாங்கு ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து ட்ரின் ஆற்றில் ஏறி, அதன் மேற்கிளையாகிய கருப்பு ட்ரிம் வழியே வந்து, ஸ்ட்ரூகாவில் ஏரிக்குள் நுழைந்தது. திரும்பிப் போகும் பருவத்தில் ஆற்றின் வாயில் தடுப்பு வேலி கட்டி அதைப் பிடிப்பது ஸ்ட்ரூகா மீனவர்களின் பழைய தொழில்.

1960-களிலிருந்து அந்த ஆற்றில் மின்சாரத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்தன. முதலில் மேலே குளோபோச்சிட்சாவும் ஷ்பிலியேவும், பிறகு கீழே அல்பேனியாவில் பெரிய அணைகளும். இன்று எந்த விலாங்குக் குஞ்சும் தானாக ஏரிக்கு ஏறிவர முடியாது. வேறிடத்தில் பிடித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், அவை வளர்கின்றன, கொழுக்கின்றன, ஒரு நாள் மேனி வெள்ளியாக மாறி, கண்கள் பெரிதாகி, உண்பதை நிறுத்திக் கடலுக்குப் புறப்படுகின்றன. வழியில் அணைகளும் அவற்றின் சுழலிகளும் நிற்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஐரோப்பிய விலாங்கை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்திருக்கும் இந்நாளில், உணவுக்காக மட்டும் குஞ்சுகளை ஏரியில் விடுவதைப் பாதுகாப்பு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. அணைகளைக் கடந்து இறங்க ஒரு வழி அமைத்தால்தான் அச்சொல் பொருந்தும்.

கே: அங்கு என்னென்ன பறவைகள் வருகின்றன? மடாலயத்தில் மயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா? (பறவை ஆர்வலர், மதுராந்தகம்)

ப: குளிர்காலம்தான் அங்கு பறவைக் காலம். ஆழமான ஏரியாதலால் நீர் உறைவதில்லை. வடக்கே உள்ள நீர்நிலைகள் உறையும்போது பறவைகள் இங்கே வந்து கூடுகின்றன. நாமக்கோழிகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். உங்கள் பக்கத்து வேடந்தாங்கலிலும் ஏரிகளிலும் காணும் அதே இனம்தான். கொண்டை முக்குளிப்பான், சிவந்த தலையுடைய காட்டுவாத்துகள், சிறு நீர்க்காகம், அன்னம் ஆகியவையும் உண்டு. காரா வெளிகள் இந்த வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் மேய்ச்சல் நிலம். சுருள்முடிக் கூழைக்கடாக்களின் பெரிய குடியிருப்பு மலைக்கு அப்பால் சிறிய பிரெஸ்பா ஏரியில், கிரேக்கப் பகுதியில் இருக்கிறது. 2022-இல் பறவைக் காய்ச்சல் அங்கே பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றுபோட்டது.

மயில்கள் உண்மையே. புனித நவும் மடாலய முற்றத்தில் அவை உலவுகின்றன. நம் நாட்டு நீலமயில்தான், அழகுக்காக வளர்ப்பவை. ஏரியின் காட்டுயிர்க் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

கே: ஓஹ்ரித் முத்து என்பது ஏரியில் எடுக்கும் முத்தா? (வாசகி, தூத்துக்குடி)

ப: முத்துக்குளித்துறையிலிருந்து வந்த கேள்வி! அது ஏரியில் விளைந்த முத்து அன்று, கைவினை முத்து. பிளாஷிட்சா என்னும் சிறுமீனின் செதில்களிலிருந்து எடுக்கும் மினுமினுப்பான குழம்பை, கிளிஞ்சலில் கடைந்த மணிகளின்மேல் பல முறை பூசிக் காயவைத்து ஆக்குகிறார்கள். குழம்பின் செய்முறையைச் சில குடும்பங்கள் இரகசியமாகக் காத்து வருகின்றன.

கே: யுனெஸ்கோவின் பாதுகாப்பு இருக்கும்போது ஏரிக்கு ஆபத்து என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (வழக்கறிஞர், மதுரை)

ப: பட்டங்களுக்குக் குறைவில்லை. மாசிடோனியப் பக்கம் 1979-இல் இயற்கைச் சிறப்புக்காக உலக மரபுச் சின்னமாயிற்று. மறு ஆண்டே பண்பாட்டுச் சிறப்பும் சேர்க்கப்பட்டது. அல்பேனியப் பக்கம் சேர்வதற்கு 2019 வரை ஆயிற்று. 2014-இல் ஓஹ்ரித்தும் பிரெஸ்பாவும் சேர்ந்த பகுதி எல்லைகடந்த உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் மாசிடோனியப் பக்கம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கலிச்சிட்சா மலை 1958 முதல் தேசியப் பூங்கா. இத்தனைக்கும் பிறகு, ஓஹ்ரித்தை ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ப்பதா என்பது யுனெஸ்கோவின் உலக மரபுக் குழுவில் பலமுறை விவாதத்துக்கு வந்துவிட்டது. கரையோரம் அனுமதியின்றி எழுந்த கட்டடங்களும், திட்டமிடப்பட்ட சாலை, இரயில் பாதைகளும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

ஏரிக்குள்ளேயே நடப்பதைப் பார்ப்போம். சதெஸ்கா என்னும் ஆறு முன்பு ஏரியைத் தொடாமல் நேரே கருப்பு ட்ரிம் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. 1962-இல் அதைத் திருப்பி ஏரிக்குள் விட்டார்கள். ஊற்று நீருக்குப் பழகிய ஏரிக்கு, வயல்களிலும் ஊர்களிலும் ஓடி வண்டலும் உரச்சத்தும் சுமந்துவந்த ஆறு விருந்தாளி ஆகாது. நகரங்களின் கழிவுநீரும் சேர்ந்தது. கழிவுநீரைக் கரையோரக் குழாய்களில் திரட்டிச் சுத்திகரிக்கும் ஏற்பாடு மாசிடோனியப் பக்கத்தில் 1980-களிலும், அல்பேனியாவின் போக்ரதெட்ஸ் நகரில் அதற்குப் பிறகும் வந்தது. நல்ல செயல்தான், ஆனால் எல்லா ஊர்களும் அதில் இணையவில்லை. கடந்த நூறாண்டில் ஏரி நீரில் பாஸ்பரஸின் அளவு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருப்பதை வண்டல் காட்டுகிறது. இன்னும் அது தெளிந்த ஏரியே. ஆனால் முன்னே சொன்ன 70 ஆண்டை இங்கே பொருத்திப் பாருங்கள். இன்று கலந்த அழுக்கு நாளை கழுவிக்கொண்டு போகாது. பேரன் காலம்வரை தங்கும்.

இன்னொரு சிக்கல் வெப்பம். சுமார் 290 மீட்டர் ஆழமுள்ள இந்த ஏரியில் மேல்நீரும் அடிநீரும் ஆண்டுதோறும் கலப்பதில்லை. கடுங்குளிர் வரும் ஆண்டில் மட்டும், சராசரியாக ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, மேல்நீர் குளிர்ந்து கனத்து அடிவரை இறங்கி, ஆக்சிஜனை எடுத்துச் செல்கிறது. குளிர்காலங்கள் இளகினால் இந்த மூச்சுக்கு இடைவெளி கூடும். மேலே சத்து மிகுந்து, கீழே ஆக்சிஜன் குறைந்தால், இரண்டும் சேர்ந்து ஆழத்து உயிர்களை நெருக்கும்.

மூன்றாவது, மலைக்கு அப்பால். பிரெஸ்பா ஏரியின் நீர்மட்டம் 1980-களிலிருந்து பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. மழையும் பனியும் குறைந்ததும், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு நீர் எடுப்பதும் காரணங்கள். ஊற்றின் தாய்மடி வற்றினால் ஊற்று மெலியும். இதுவரை பிரெஸ்பாவின் சத்துகளில் பெரும்பகுதியை மலை தன் வயிற்றில் பிடித்து நிறுத்தி, நீரை மட்டும் அனுப்பி வந்திருக்கிறது. பிரெஸ்பா சுருங்கச் சுருங்க அதன் நீரில் சத்து செறிவாகும். மலையின் தாங்குசக்திக்கும் ஓர் அளவு உண்டு. தாங்கள் வழக்கறிஞராதலால் இதைச் சொல்கிறேன்: ஓஹ்ரித்தின் கரையை மட்டும் அளந்து எல்லைக்கல் நட்டு எழுதும் சட்டம் ஏரியின் பாதியைத்தான் காக்கும். மறுபாதி மலைக்கு அப்பால், கிரேக்கம் உட்பட மூன்று நாடுகள் பகிர்ந்துகொள்ளும் இன்னோர் ஏரியில் இருக்கிறது.

கே: மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் அவனோடு ஓஹ்ரித் போகிறோம். எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்? (குடும்பத் தலைவி, சேலம்)

ப: ஓஹ்ரித் நகரில் அறிஞர் சினிஷா ஸ்டான்கோவிச் 1935-இல் தொடங்கிய நீர் உயிரியல் நிலையம் இருக்கிறது; ஏரியைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. நகரின் ஓரத்தில், ஒரு காலத்தில் கரைநெடுகப் பரந்திருந்த ஸ்துதென்சிஷ்தே சதுப்பின் எஞ்சிய பகுதியையும் பாருங்கள். பலர் அதைத் தரிசு என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தெற்கே புனித நவும் மடாலயத்துக்குப் போங்கள். அதன் பக்கத்தில் மரங்கள் சூழ்ந்த சிறு ஊற்றுப் பொய்கை ஒன்று உண்டு. ஊற்றுநீர் அதில் தேங்கி, சிறு ஓடையாக ஏரிக்குள் போகிறது. துடுப்புப் படகில் கூட்டிச் செல்வார்கள். இரைச்சலிட்டுப் பேசாமல் படகின் ஓரத்தில் குனிந்து அடித்தரையைப் பாருங்கள். நீர் இருப்பதே முதலில் தெரியாது. பிறகு வெண்மணலில் ஓரிடத்தில் சிறு குமிழ் எழும்பும். சோறு கொதிக்கும்போது பருக்கைகள் மேலெழுந்து அமிழ்வதைப் போல மணற்பொடிகள் எழுந்து, சுழன்று, அமரும். சற்றுத் தள்ளி இன்னொன்று. அந்த ஊற்றுக்கண்களைச் சுற்றியுள்ள கற்களைக் கவனித்தால், கடுகளவு நத்தைகளும், கூனிறால்போல் வளைந்த சிறு உயிர்களும், நகரும் கறைகள்போல் தட்டைப்புழுக்களும் தென்படக்கூடும். கையை நீரில் விடத் தோன்றும். விடுங்கள், கோடையிலும் சில்லென்றிருக்கும். கல்லை மட்டும் புரட்ட வேண்டாம். அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பவை வெளிச்சத்துக்கும் கைக்கும் பழகாதவை.